ஸ்லைடை டெக்ஸ்சராக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

மெய்நிகர் வகுப்பறைக்கு ஒரு பலகை, கண்காட்சிச் சுவருக்கு ஒரு தகவல் தட்டி, அனிமேஷனில் மேசைமேல் இருக்கும் கணினிக்கு ஒரு திரை. இவற்றில் ஒட்ட வேண்டிய சமாச்சாரம் பெரும்பாலும் பவர்பாயிண்ட் கோப்பாகத்தான் வந்து சேர்கிறது. கொடுப்பவருக்கு அதுதான் கைப்பழக்கம், குறை சொல்ல முடியாது. அதைப் பிஎன்ஜி படமாக்கி, பிளெண்டர், யூனிட்டி போன்ற முப்பரிமாண மென்பொருளில் டெக்ஸ்சராக, அதாவது பொருள்மேல் ஒட்டும் படமாகப் போட்டதும் எழுத்து மங்கும், வெள்ளை அழுக்காகும், வட்டம் முட்டையாகும். திரும்பத் திரும்ப இதே கோளாறுகளைச் சரிசெய்து எழுதி வைத்த குறிப்புகள் இவை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். எங்கும் செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், நேரமும் காசும் பிடிப்பது கடைசியில் வரும்.

## எதற்கும் முன்: கோளாறு எந்தப் பக்கம்?

பிஎன்ஜி கோப்பைச் சாதாரணமாகப் படம் பார்க்கும் செயலியில் திறந்து 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். திரைக்குப் பொருத்தி வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. அங்கேயே கெட்டிருந்தால் கோளாறு ஸ்லைடிலோ எக்ஸ்போர்ட்டிலோ இருக்கிறது, கேம் இஞ்சினில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. அங்கே சரியாக இருந்தால் ஸ்லைடைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் மெட்டீரியலை (பொருளின் மேற்பரப்பு அமைப்பை) அரைநாள் நோண்டியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது, ஒரு சோதனை ஸ்லைடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் 'மேல் இடது', 'கீழ் வலது' என்று பெயர். நடுவில் ஷிஃப்ட் அழுத்தி வரைந்த சரியான வட்டம். 255, 128, 0 என்று மூன்று மதிப்புகளில் வெள்ளை, சாம்பல், கறுப்புக் கட்டங்கள். 'கொ, கௌ, ஞை, ஸ்ரீ' என்ற எழுத்துகள் 12, 18, 24, 36 புள்ளி அளவுகளில். நான்கு விளிம்பையும் ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. எந்தக் கோப்பு வந்தாலும் இதை முதல் ஸ்லைடாகச் செருகி, அதே வழியில் ஏற்றுமதி செய்து, அதே பொருள்மேல் ஒட்டிப் பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

## அறிகுறி: எழுத்து மங்கலாக இருக்கிறது

அதிகம் வருவது இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

### படத்திலேயே மங்கலா?

கோப்பின் பண்புகளில் அகலம், உயரம் பாருங்கள். 1280×720 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. விண்டோஸ் பவர்பாயிண்ட் வழக்கமாக அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில்தான் படம் எடுக்கும். அகலத்திரை ஸ்லைடு 13.333×7.5 அங்குலம், பெருக்கினால் 1280×720. இதை கிம்ப் போன்ற படத் திருத்தியில் போட்டு 4096 ஆகப் பெரிதாக்குவது வீண்வேலை, இல்லாத விவரம் வராது. எடுக்கும்போதே பெரிதாக எடுக்க வேண்டும். எளியதிலிருந்து சொல்கிறேன்:

ஸ்லைடின் அளவையே மாற்றுவது. கோப்பின் நகலில் டிசைன் தாவல், ஸ்லைடு சைஸ், கஸ்டம் என்று போய் 21.333×12 அங்குலம் கொடுங்கள். 96 ஆல் பெருக்கினால் 2048×1152. சதுர டெக்ஸ்சர் வேண்டுமென்றால் 21.333×21.333, அதாவது 2048×2048. 42.667 அங்குலம் கொடுத்தால் 4096. பவர்பாயிண்ட் 56 அங்குலம் வரை ஏற்கும் என்பதால் இது அடங்கும். எழுத்தும் வடிவங்களும் வெக்டர் என்பதால் பெரிதாகும்போது கூர்மையும் கூடும். உள்ளடக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள், விகிதத்தை மாற்றியிருந்தால் கட்டாயம் பாருங்கள். எடுத்த படம் ஒரு பிக்சல் கூடவோ குறையவோ வந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

மேக் கணினி என்றால் இந்தச் சுற்றே வேண்டாம். அங்கே எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே அகலம், உயரம் எழுத இடம் இருக்கிறது.

பிடிஎஃப் வழியாக எடுப்பது. ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கி, பாப்ளர் தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப் டு பிபிஎம்' கட்டளையில் 300 என்று தெளிவு கொடுத்தால் அகலத்திரை ஸ்லைடு 4000×2250 ஆக வரும். லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் ஆகியவற்றில் பிஎன்ஜி எடுத்தால் அப்போது திறந்திருக்கும் ஒரு ஸ்லைடுதான் கிடைக்கும். ஆகவே அவற்றைப் பயன்படுத்துவோருக்கு இதுவே ராஜபாட்டை. பவர்பாயிண்டில் பிடிஎஃப் சேமிக்கும்போது 'மினிமம் சைஸ்' தேர்வாகியிருந்தால் 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் புகைப்படங்கள் நசுங்கிவிடும்.

ரெஜிஸ்ட்ரி மாற்றுவது. கரன்ட் யூசர் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0, பவர்பாயிண்ட், ஆப்ஷன்ஸ் என்று இறங்கி, 'எக்ஸ்போர்ட் பிட்மேப் ரெசல்யூஷன்' என்ற பெயரை இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் எழுதி ஒரு டி-வேர்டு மதிப்பு சேர்த்து, டெசிமலைத் தேர்ந்தெடுத்து 300 கொடுக்க வேண்டும். பவர்பாயிண்டை மூடிவிட்டுச் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொட்டுப் பழக்கமில்லையென்றால் இதை விட்டுவிடுங்கள், முதல் வழியே போதும். மேக்ரோ எழுதத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி உண்டு: ஸ்லைடின் எக்ஸ்போர்ட் கட்டளைக்குக் கோப்புப் பாதை, வகை ஆகியவற்றோடு அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் நேரடியாகக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு வீண் சண்டையையும் முடித்துவிடுகிறேன். கோப்பில் 72 டிபிஐ என்று எழுதியிருக்கிறதா 300 டிபிஐ என்று எழுதியிருக்கிறதா என்பது அச்சுக்காரருக்கான தகவல். டெக்ஸ்சருக்கு மொத்தப் பிக்சல் எண்ணிக்கை மட்டுமே கணக்கு.

### எழுத்து கூர்மை, புகைப்படம் மட்டும் மங்கலா?

பவர்பாயிண்ட் சேமிக்கும்போதே புகைப்படத்தைச் சுருக்கியிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'கோப்பில் உள்ள படங்களைச் சுருக்காதே' என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே சுருங்கியது சுருங்கியதுதான். மூலப்படத்தைக் கேட்டு வாங்கி மறுபடி செருக வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒன்று. பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகல் எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பிபிடி என்ற அடைவு, அதற்குள் மீடியா என்ற அடைவு. ஸ்லைடில் செருகிய படங்களெல்லாம் அங்கே கிடக்கும். உங்களுக்கு வேண்டியது ஸ்லைடில் உள்ள ஒரு மரப்பலகைப் படமோ லோகோவோ மட்டும்தான் என்றால், ஸ்லைடைப் படமெடுப்பதைவிட இங்கிருந்து எடுப்பது எப்போதும் மேல். ஸ்லைடில் சின்னதாகச் சுருக்கி வைத்திருந்த படம் உள்ளே முழு அளவில் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

### படம் கூர்மை, காட்சியில் மங்கலா?

இஞ்சின் உங்கள் படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கியிருக்கிறது. யூனிட்டியில் படத்தைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டரின் அடியில் காட்டும் அளவைப் பாருங்கள். 'மேக்ஸ் சைஸ்' வழக்கமாக 2048 என்று நிற்கும், 4000 பிக்சல் படம் கொடுத்தாலும் அதற்குள் அடக்கிவிடும். இன்னொன்று, சாதாரண டெக்ஸ்சர் வகையில் 'நான் பவர் ஆஃப் 2' என்ற தேர்வு அருகிலுள்ள இரண்டின் அடுக்குக்குப் படத்தை இழுத்துவிடும். 1280×720 படம் 1024×512 ஆகிவிடும். ஏற்கெனவே குறைவு, அதிலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போயிற்று. ஆகவே 512, 1024, 2048, 4096 என்ற அளவுகளிலேயே படத்தைத் தயாரிப்பது நல்லது.

அது சரியென்றால் கம்ப்ரெஷனைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டமாக அழுக்கு இருந்தது மறைந்தால் அதுதான் காரணம். மேசைக் கணினிக்கு என்றால் பிசி7 (BC7) என்ற கம்ப்ரெஷன் வகைக்கு மாற்றுங்கள். பிசி1 எழுத்துக்கு ஆகாது.

நேராகப் பார்க்கும்போது நன்றாக, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும்போது மட்டும் மங்கல் என்றால் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் குறைவு. அந்த டெக்ஸ்சருக்கு 8 அல்லது 16 கொடுங்கள்.

### எல்லாம் செய்தும் படிக்க முடியவில்லையா?

அப்படியானால் கோளாறு டெக்ஸ்சரில் இல்லை, ஸ்லைடின் எழுத்தளவில் இருக்கிறது. கணக்கு எளிது. வழக்கமான ஸ்லைடின் உயரம் 540 புள்ளி. அதில் 24 புள்ளி எழுத்து. இறுதிக் காட்சியில் பலகை 300 பிக்சல் உயரம்தான் தெரிகிறது என்றால் அந்த எழுத்துக்குக் கிடைப்பது 13 பிக்சல். 8192 டெக்ஸ்சர் போட்டாலும் 13 பிக்சல்தான். என் அனுபவத்தில் தமிழ் எழுத்து 20 பிக்சலுக்குக் கீழே போனால் புள்ளி எது, சுழி எது என்று தெரிவதில்லை. 20 வேண்டுமென்றால் ஸ்லைடில் 36 புள்ளி வேண்டும். பத்து வரி ஸ்லைடு ஐந்து வரி ஸ்லைடாக வேண்டும்.

இது உங்கள் கையில் இல்லாத முடிவு. உள்ளடக்கம் எழுதியவரிடம் இந்தக் கணக்கோடு போங்கள். 'எழுத்து சின்னதா இருக்கு' என்றால் 'எனக்கு நல்லாத்தான் தெரியுது' என்பார். '13 பிக்சல்தான் கிடைக்கிறது' என்றால் யோசிப்பார்.

## அறிகுறி: கேமரா நகரும்போது எழுத்தும் கோடும் மினுமினுக்கின்றன

மிப்மேப், அதாவது தூரத்தில் காட்டுவதற்காக முன்கூட்டியே சுருக்கி வைத்த பிரதிகள், இல்லை. இம்போர்ட் அமைப்பில் அதை உருவாக்கச் சொல்லும் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தும் மினுமினுத்தால் அளவு இரண்டின் அடுக்காக இருக்கிறதா பாருங்கள். அன்ரியலில் அப்படி இல்லாத படத்துக்கு வழக்கமாக மிப்மேப் உருவாகாது, பழைய வெப்ஜிஎல் 1 லும் இதே கதை. அதற்கும் அடங்காவிட்டால் ஸ்லைடில் உள்ள ஒற்றைப் புள்ளி அட்டவணைக் கோடுகளை மூன்று புள்ளியாகத் தடிப்பாக்குங்கள். மெல்லிய கோடு தூரத்தில் மினுமினுக்கத்தான் செய்யும்.

## அறிகுறி: வட்டம் முட்டையாகிறது

சோதனை ஸ்லைடின் வட்டம் படத்தில் வட்டமாகவும் பொருள்மேல் முட்டையாகவும் இருந்தால் பொருளின் விகிதம் ஒன்று, ஸ்லைடின் விகிதம் வேறு. பலகை 16:9 இல்லையென்றால் பலகையின் விகிதத்துக்கு ஸ்லைடு அளவை மாற்றி எடுங்கள். அதுதான் நேர்வழி.

பலகை 16:9 தான், ஆனால் இஞ்சின் இரண்டின் அடுக்கு கேட்கிறது என்றால் பலர் படத்தை வெட்டுகிறார்கள், அல்லது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. 2048×1152 படத்தை அப்படியே 2048×1024 ஆக நசுக்குங்கள். படம் பார்க்க அசிங்கமாக இருக்கும், கவலை வேண்டாம். 16:9 பலகையின் யூவி (படத்தின் எந்த இடம் பொருளின் எந்த இடத்தில் ஒட்டும் என்ற வரைபடம்) முழுச் சதுரத்தையும் நிரப்பியிருந்தால் ஒட்டும்போது அதே அளவுக்கு இழுபட்டு வட்டம் வட்டமாகவே தெரியும். உயரத்தில் கொஞ்சம் விவரம் போகும், கண்ணுக்குத் தெரியாது.

நசுக்க மனமில்லையென்றால் 2048×2048 சதுரத்தின் மேற்பகுதியில் 1152 உயரத்துக்கு ஸ்லைடை வைத்து, யூவியை உயரத்தில் 0.5625 அளவுக்குச் சுருக்குங்கள். மிச்ச இடத்தில் வேறு லோகோக்களை வைத்துக்கொள்ளலாம்.

வளைந்த திரை, கோளம், துணிப் பதாகை என்றால் நிலைமை வேறு. அங்கே முட்டையாவது யூவி விரிப்பின் கோளாறு, ஸ்லைடை எவ்வளவு மாற்றினாலும் ஓரிடத்தில் சரியாகி மறுஇடத்தில் கெடும். யூவி விரிக்கத் தெரிந்த மாடலரிடம் கொடுங்கள், அவருக்கு அது சின்ன வேலை.

## அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது

### ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறதா?

வந்த கோப்பு யூனிகோடில் இல்லை, பழைய எழுத்துருவில் தட்டச்சானது. எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வருகின்றன. சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெறித்துக் கிடந்தால் அது அநேகமாகப் பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. எழுத்துருவை நிறுவினால் உடனே சரியாகிவிடும், அவசரத்துக்கு அது போதும். திருத்தம் வரும் என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு கிரந்த எழுத்துகளையும் ஊடே வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் படித்துப் பாருங்கள். மாற்றிகள் தடுமாறும் இடம் அதுதான்.

எந்த எழுத்துரு என்றே தெரியவில்லை, அனுப்பியவருக்கும் தெரியவில்லை என்றால் ஊகித்துக்கொண்டிருக்காதீர்கள். அவருடைய கணினியிலேயே பிடிஎஃப் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கங்கள் நிறைய இருந்து திருத்தவும் வேண்டுமென்றால் தட்டச்சாளரிடம் கொடுப்பதுதான் மலிவு.

### கட்டம் கட்டமாகத் தெரிகிறதா?

தமிழ் எழுத்துருவே அந்தக் கணினியில் இல்லை. சர்வரில் லிப்ரே ஆஃபிஸை ஓடவிட்டு மாற்றும்போது அடிக்கடி நடக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை அங்கே நிறுவுங்கள்.

### எழுத்து சரி, வரி மட்டும் இடம் மாறி வழிகிறதா?

எழுத்துரு மாறிப்போயிருக்கிறது. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் தாமாக வருவதில்லை, தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பாக நாமே சேர்க்க வேண்டும். இல்லாத இடத்தில் நிர்மலா போன்ற வேறொன்று வந்து உட்கார, வரி மடங்கும் இடம் மாறிப் பெட்டியைவிட்டு எழுத்து வழியும். தொகுப்பைச் சேருங்கள். அல்லது ஸ்லைடு செய்தவரிடம் 'எழுத்துருவைக் கோப்பில் பதி' என்ற சேமிப்புத் தேர்வைப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். சில எழுத்துருக்களின் உரிமம் பதிக்க விடாது.

### கொம்பு பின்னால் போகிறதா, புள்ளிவட்டம் வருகிறதா?

'கொ' என்பதில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் நின்றால், எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருள் வழியில் எங்கோ புகுந்திருக்கிறது. பவர்பாயிண்ட் நேரடியாக எடுத்த பிஎன்ஜியில் இது வராது. எஸ்விஜி ஆக எடுத்து வேறெங்காவது திறந்தீர்களா? பைத்தானில் பில்லோ கொண்டு எழுத்தைப் படத்தின்மேல் அச்சிட்டீர்களா? பில்லோவுக்கு ரேக்கம் என்ற நூலகம் இருந்தால்தான் தமிழ் ஒழுங்காகக் கோத்து வரும். ஃபோட்டோஷாப்பில் மறுபடி தட்டச்சு செய்திருந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு போட்டிருக்கிறதா பாருங்கள். என் வழக்கம் எளிது: எழுத்து பவர்பாயிண்டிலேயே படமாகிவிட வேண்டும். அதற்குப் பிறகு எங்கும் எழுத்தாகப் பயணம் செய்யக்கூடாது.

## அறிகுறி: வெள்ளை அழுக்காகிறது, நிறம் வெளுக்கிறது

### பிளெண்டரில் வெள்ளை சாம்பலாகிறதா?

ரெண்டர் அமைப்பில் கலர் மேனேஜ்மெண்ட், வியூ டிரான்ஸ்ஃபார்ம் பாருங்கள். 2.80 முதல் ஃபில்மிக், 4.0 முதல் ஏஜிஎக்ஸ் இயல்பாக நிற்கும். இரண்டுமே வெளிச்சத்தை அடக்கிக் காட்டுபவை. 255 வெள்ளை 255 ஆக வெளிவராது. 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றிப் பாருங்கள், வெள்ளை திரும்பினால் காரணம் அதுதான். ஆனால் காட்சி முழுவதும் ஏஜிஎக்ஸ் நம்பி ஒளியமைத்திருந்தால் அதை மாற்றுவது வீட்டுக்கு ஆணியடிக்கச் சுவரை இடிப்பது போல. அப்போது திரையின் மெட்டீரியலை எமிஷன் ஆக்கி அதன் வலிமையைக் கூட்டுங்கள். ஒளிரும் திரைக்கு எமிஷன்தான் பொருத்தம். பிளெண்டரின் வழக்கமான மெட்டீரியலான பிரின்சிபில்டில் வெறும் நிறமாகக் கொடுத்தால் அறை இருட்டாகும்போது திரையும் இருட்டாகும்.

### எல்லாமே வெளுத்துப் பால்போல இருக்கிறதா?

படம் எஸ்ஆர்ஜிபி (திரைப் படங்களுக்கான வழக்கமான நிறக் குறியீடு) என்று இஞ்சினுக்குத் தெரியவில்லை. பிளெண்டரில் இமேஜ் நோடில் 'நான் கலர்' என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள். யூனிட்டி, அன்ரியல் இரண்டிலும் எஸ்ஆர்ஜிபி டிக் இருக்கும். இணையப் பக்கத்தில் முப்பரிமாணம் காட்டும் திரீ டாட் ஜேஎஸ்ஸில் நீங்களே டெக்ஸ்சரை ஏற்றினால் அதன் கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபி என்று சொல்ல வேண்டும், அது தானாகச் செய்யாது.

### ஸ்லைடில் வரைந்த மாஸ்க் தவறான அளவில் வேலை செய்கிறதா?

இது தலைகீழ்க் கோளாறு. சொரசொரப்புக்கோ ஒளிபுகும் தன்மைக்கோ கறுப்பு வெள்ளை மாஸ்க்கை ஸ்லைடிலேயே வரைவது நல்ல குறுக்குவழி. ஆனால் 128 சாம்பல் பாதி என்று நினைத்துப் போட்டால், எஸ்ஆர்ஜிபி டிக் இருக்கும்வரை இஞ்சின் அதை 0.5 ஆகப் படிக்காது, 0.216 ஆகப் படிக்கும். மாஸ்க் படங்களுக்கு மட்டும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

### லோகோவின் நிறம் லேசாக மாறுகிறதா?

ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா? மேக் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தத் திரையின் நிறச் சுயவிவரம் ஒட்டிக்கொண்டு வரும், இஞ்சின் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நிறம் விலகும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பைப் பயன்படுத்துங்கள். ஜேபெக் என்றால் பிஎன்ஜிக்கு மாறுங்கள்; சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்குவது ஜேபெக்கின் கைவேலை. இவ்வளவும் செய்து, வாடிக்கையாளர் இன்னும் 'எங்கள் நீலம் இது இல்லை' என்றால் அது திரை அளவீட்டு விவகாரம். அளவிடும் கருவி வைத்திருக்கும் நிற வல்லுநரிடம் போக வேண்டிய இடம் இது. கண்ணால் பார்த்து ஆளாளுக்குத் திருத்திக்கொண்டிருந்தால் முடிவே வராது.

## அறிகுறி: பின்னணி ஒளிபுகவில்லை, அல்லது எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம்

ஸ்லைடாக எக்ஸ்போர்ட் செய்தால் பின்னணி எப்போதும் சேர்ந்தே வரும், பின்னணி இல்லாத ஸ்லைடும் வெள்ளையாகத்தான் வரும். பொருள்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, குரூப் செய்து, வலது சொடுக்கில் 'படமாகச் சேமி' கொடுத்தால் ஒளிபுகும் பிஎன்ஜி கிடைக்கும். இதில் ஒரு தொல்லை: படம் பொருள்களின் எல்லையோடு வெட்டுப்பட்டு வரும், ஸ்லைடுக்கு ஸ்லைடு அளவு மாறும். ஸ்லைடு முழுவதையும் மூடும் ஒரு செவ்வகத்தைக் கோடில்லாமல், முழு ஒளிபுகு நிறத்தோடு அடியில் வைத்துச் சேர்த்துக் குரூப் செய்யுங்கள். அளவு நிலையாக நிற்கும்.

நிழல், மங்கும் ஓரம் எல்லாம் துல்லியமாக வேண்டுமென்றால் இரண்டு முறை எடுங்கள்: ஒரே ஸ்லைடு, ஒருமுறை வெள்ளைப் பின்னணி, ஒருமுறை கறுப்புப் பின்னணி. வெள்ளைப் படத்திலிருந்து கறுப்புப் படத்தைக் கழித்து, அதை 1 இலிருந்து கழித்தால் ஆல்ஃபா, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளிபுகாதது என்ற அளவு. கறுப்புப் படத்தை ஆல்ஃபாவால் வகுத்தால் நிறம். 'வெள்ளையை அழி' என்று மந்திரக்கோல் ஓட்டுவதைவிட நூறு மடங்கு சுத்தம்.

ஆல்ஃபா சரியாக இருந்தும் காட்சியில் ஒளிபுகவில்லையென்றால் மெட்டீரியல் பக்கம் பாருங்கள். பிளெண்டரில் படத்தின் ஆல்ஃபா முனையை ஷேடரின் (மேற்பரப்பை வரையும் நிரலின்) ஆல்ஃபாவோடு இணைக்க மறந்திருப்போம். யூனிட்டியில் மெட்டீரியல் ஒபேக் என்றே நிற்கும்.

ஒளிபுகுகிறது, ஆனால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு என்றால், ஒளிபுகும் பகுதியின் அடியில் வெள்ளை நிறம் ஒளிந்திருக்கிறது. வடிகட்டும்போது அது ஓரத்தில் கசிகிறது. யூனிட்டியில் 'ஆல்ஃபா இஸ் டிரான்ஸ்பரன்சி' டிக் போட்டால் எழுத்தின் நிறத்தை வெளியே விரித்துச் சரிசெய்யும். மற்ற இடங்களில் ஸ்லைடின் பின்னணியை எழுத்தின் நிறத்துக்கு நெருக்கமாக வைத்து எடுப்பது தப்பிக்க எளிய வழி.

## அறிகுறி: தலைகீழ் அல்லது கண்ணாடிப் பிம்பம்

மூலைப் பெயர்கள் சொல்லிவிடும். 'மேல் இடது' கீழ் இடது மூலைக்குப் போய்விட்டதென்றால் மேல்கீழ் புரட்டல். ஓபன்ஜிஎல் வழக்கத்தில் படத்தின் தொடக்கம் கீழ் இடது, டைரக்ட்எக்ஸிலும் ஜிஎல்டிஎஃப் என்ற மாடல் கோப்பு வகையிலும் மேல் இடது. திரீ டாட் ஜேஎஸ்ஸில் ஜிஎல்டிஎஃப் மாடலுக்கு நீங்களாக டெக்ஸ்சர் மாற்றினால் 'ஃபிளிப் ஒய்' என்பதை அணைக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது பொருளின் ஸ்கேலில் எங்கோ ஒரு மைனஸ் இருக்கிறது. படத்தைப் புரட்டிச் சேமித்துத் தப்பிக்காதீர்கள். அடுத்த ஸ்லைடு வரும்போது எதைப் புரட்டினோம், எதைப் புரட்டவில்லை என்று மறந்திருக்கும்.

## அறிகுறி: விளிம்பில் ஒரு கோடு

படத்திலேயே வலப்பக்கமோ அடியிலோ ஒரு பிக்சல் வெள்ளை இருந்தால், பக்க அளவும் தெளிவும் பெருக்கி முழு எண் வரவில்லை. பிடிஎஃப் வழியில் அதிகம். பின்னணிக்கு ஒரு செவ்வகத்தை ஸ்லைடின் எல்லை தாண்டிப் போகும்படி வைத்து எடுங்கள், மீதியை வெட்டுங்கள்.

படம் சுத்தம், பொருள்மேல் மட்டும் மேல்விளிம்பில் அடிப்பகுதியின் நிறம் எட்டிப்பார்த்தால் ராப் மோட் (படத்தின் விளிம்பைத் தாண்டினால் என்ன காட்டுவது என்ற அமைப்பு) ரிப்பீட்டில் இருக்கிறது. கிளாம்ப் ஆக்குங்கள், பிளெண்டரில் அதன் பெயர் எக்ஸ்டென்ட்.

சுவரில் திரும்பத் திரும்ப ஒட்டும் வடிவமாக ஸ்லைடை வரைந்திருந்தால் ரிப்பீட் வேண்டும், இணைப்பும் தெரியக்கூடாது. கிம்ப்பில் ஆஃப்செட் கொடுத்துப் பாதியளவு நகர்த்துங்கள், விளிம்புகள் நடுவுக்கு வந்து நிற்கும். இணைப்பு தெரிந்தால் அங்கேயே தெரியும்.

## அறிகுறி: பொருள் முழுக்க இளஞ்சிவப்பு, அல்லது வேறு ஸ்லைடு வருகிறது

பிளெண்டரில் இளஞ்சிவப்பு என்றால் கோப்பு காணவில்லை. எக்ஸ்டெர்னல் டேட்டாவில் காணாமல்போன கோப்புகளைத் தேடும் கட்டளை இருக்கிறது. அனுப்பும் முன் 'பேக்' செய்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. யூனிட்டியில் இளஞ்சிவப்பு என்றால் படத்தின் மேல் பழி போடாதீர்கள், அது ஷேடர் கோளாறு. ரெண்டர் பைப்லைன் மாறியிருக்கும். மெட்டீரியலை மேம்படுத்தும் கட்டளையிலும் போகாவிட்டால் ஷேடர் எழுதுபவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணினியில் ஓடியது, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் காணவில்லை என்றால் கோப்பின் பின்னொட்டைப் பாருங்கள். விண்டோஸ் பவர்பாயிண்ட் பிஎன்ஜி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸுக்கு அது வேறு கோப்பு.

வரிசை மாறுகிறதா? பெயர்கள் ஸ்லைடு1, ஸ்லைடு2, ஸ்லைடு10 என்று வரும். அகரவரிசை பார்க்கும் நிரலுக்கு 1 க்கு அடுத்தது 10. பெயர்களை 01, 02 என்று மாற்றுங்கள். பிடிஎஃப் வழியில் எடுத்தால் முன்பூச்சியத்தோடே வரும், அதற்காகவே பல நேரம் அந்த வழியில் போகிறேன்.

## அறிகுறி: எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று குவிந்திருக்கிறது

ஸ்லைடில் அனிமேஷன் இருக்கிறது. எக்ஸ்போர்ட்டுக்குக் கிளிக் தெரியாது, எல்லாப் பொருளையும் ஒரே சமயத்தில் எடுத்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்லைடை நகலெடுத்து, அந்தக் கட்டத்தில் இல்லாததை நீக்கி எடுங்கள். அசைவே வேண்டுமென்றால் வீடியோவாக எடுத்து வீடியோ டெக்ஸ்சராக ஒட்டலாம். 4கே வரை கிடைக்கும், ஆனால் வண்ண எழுத்தின் கூர்மை பிஎன்ஜி அளவுக்கு இருக்காது.

## அறிகுறி: காட்சி திணறுகிறது, கைபேசியில் செயலி மூடிக்கொள்கிறது

'பிஎன்ஜி வெறும் 300 கேபிதானே' என்பது இங்கே செல்லாது. கிராஃபிக்ஸ் அட்டைக்குள் போனதும் படம் விரிந்துவிடும். 4096×4096 படம், கம்ப்ரெஷன் இல்லாமல், 64 எம்பி. மிப்மேப் சேர்ந்தால் 85. நாற்பது ஸ்லைடு கொண்ட கண்காட்சிச் சுவர் என்றால் மிப்மேப் இல்லாமலே 2560 எம்பி. 2048 ஆக்கினால் ஒவ்வொன்றும் 16 எம்பி, அதையும் பிசி7 ஆக்கினால் 4 எம்பி.

ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள். மேலே சொன்ன கணக்குதான்: பலகை இறுதிக் காட்சியில் 900 பிக்சல் அகலம் தாண்டாது என்றால் 1024 போதும், கேமரா அருகே போகும் பலகைக்கு மட்டும் 2048. அடுத்து கம்ப்ரெஷன். அதற்கும் அடங்காவிட்டால் ஒரே சமயத்தில் கண்ணில் படும் ஸ்லைடுகளை மட்டும் ஏற்றி மற்றவற்றை இறக்கும்படி நிரல் எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள், வாரம் ஒருமுறை மாறும் உள்ளடக்கம் என்று வேலை போனால் கையால் செய்வதை நிறுத்துங்கள். மாற்றுவது, பெயரிடுவது, சுருக்குவது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் நிரலை எழுதித் தரும் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்டைத் தேடுங்கள். அவரிடம் போகும்போது அந்தச் சோதனை ஸ்லைடையும் அது கெட்டு வந்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.